இட்லியா, கேழ்வரகுக் கஞ்சியா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. சிறுநீரக பாதிப்பு மூன்றாம் நிலை. ரத்தத்தில் பொட்டாசியம் 5.6. இட்லியை நிறுத்திவிட்டு கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். கேழ்வரகு சத்தானதுதான், ஆனால் அதில் பொட்டாசியம், வெள்ளை அரிசியைவிட மூன்று, நான்கு மடங்கு. ரத்தத்தில் பொட்டாசியம் 5.6 என்பது இயல்பைவிட அதிகம்; அப்படி உள்ளவருக்கு இட்லியே மேல். நான்குக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்த மாவில் மூன்று இட்லி தரலாம். சோடா உப்பு சேர்த்த மாவும், உடனடி ரவா இட்லி மிக்ஸும் வேண்டாம், சோடியம் ஏறும்.

சிக்கல் இட்லியில் இல்லை, தொட்டுக்கொள்வதில்தான். பருப்பு, தக்காளி, முருங்கைக்காய் மூன்றும் சேர்ந்த சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் பொட்டாசியம் எகிறிவிடும். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். சாம்பார் இரண்டு கரண்டி போதும். தேங்காய்ச் சட்னி ஒரு டீஸ்பூன். இளநீர் கூடவே கூடாது.

உப்பு, மாவில் போடுவதும் சேர்த்து, நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு! 5.6-ஐ மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்; சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றும்.