செத்த ஆட்டோட வைரஸுக்கு ஊர் பேர் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: டாக்டர் சார், கொருக்குப்பேட்டைல நாலு ஆடு வளக்கறேன். போன மாசம் ஆந்திரா பக்கமிருந்து வண்டில வந்த ஒரு கெடாவ வாங்கி ஒண்ணா கட்டினேன், அஞ்சாம் நாளே ஜுரம், மூக்கு ஒழுகல், அப்புறம் கழிச்சல். அதுவும் போச்சு, ஒரு பெட்டையும் போச்சு. மாமியார் துள்ளுமாரின்றாங்க. டாக்டரம்மா ஆட்டுக்கொல்லி மாதிரி இருக்குன்னு பாக்கி ஆட்டு மூக்குல பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துனு போனாங்க, ஜீன பாத்தா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும்னாங்க. நெசமாவா? அத தெரிஞ்சி என்ன ஆவப்போவுது? புள்ளைங்களுக்கு ஒட்டுமா?

பதில்: மொதல்ல பயத்த விடுங்கம்மா, புள்ளைங்களுக்கு ஒட்டாது. மனுஷங்களுக்கு வர்ற தட்டம்மை வைரஸுக்கு இந்த ஆட்டுக்கொல்லி வைரஸ் சொந்தக்காரன்தான், ஆனா இது ஆடு, செம்மறியோட நிக்கும்.

துள்ளுமாரி பாக்டீரியாவால வர்றது, நல்லா மேஞ்ச ஆடு திடீர்னு துள்ளி விழுந்து செத்துடும். உங்க கெடா நாள் கணக்கா ஜுரத்துல கெடந்து, மூக்கு ஒழுகி, கழிஞ்சி செத்திருக்கு, அதனால டாக்டரம்மா சந்தேகம் சரிதான். ஆனா கண்ணால பாத்து மட்டும் முடிவு பண்ண முடியாது. ஒரு காலத்துல இத மாட்டு வெக்கை நோய்னே நெனச்சிட்டிருந்தாங்க, இந்தியால இது ஆட்டுக்கொல்லின்னு மொதமொதல்ல கண்டுபிடிச்சது 1987ல, நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்ல. அந்த அரசூர் வைரஸ வச்சே நம்ம கால்நடை பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செஞ்சாங்க.

அந்தப் பஞ்சுக்குச்சிய சாதாரணமா நெனைக்காதீங்க. ஜுரம் வந்த மொத சில நாள்லதான் கண்ணுலயும் மூக்குலயும் வைரஸ் நிறைய இருக்கும், எடுத்த உடனே ஐஸ் டப்பால வச்சி அனுப்பணும், இந்த வெயில்ல அரை நாள் வெளிய கெடந்தா லேப்ல ஒண்ணும் கெடைக்காம போயிடலாம். அங்க எலிசா டெஸ்ட்ல வைரஸோட புரதம் இருக்கான்னு பாப்பாங்க. பிசிஆர் டெஸ்ட்ல வைரஸோட ஜீன் இருக்கற ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்தி, அதுல ஒரு துண்ட கோடிக்கணக்குல பெருக்கிப் பாப்பாங்க. அந்த ஆர்என்ஏ எழுத்த கோத்த சரம் மாதிரி, மொத்தம் 15,948 எழுத்து, பெரும்பாலும் அதுல சில நூறு எழுத்த படிச்சாலே வம்சம் தெரிஞ்சிடும். உலகத்துல நாலு வம்சம் இருக்கு, ஆசியால பெரும்பாலும் நாலாவதுதான்.

எப்படி தெரியுதுன்னா, மார்கழில ஒருத்தங்க வாசல் கோலத்த பாத்து இன்னொருத்தங்க போடும்போது ஒரு புள்ளி தப்பிடுச்சின்னு வைங்க, அவங்கள பாத்து போடற எல்லார் வாசல்லயும் அதே தப்பு வரும். வைரஸும் தன்ன காப்பி எடுக்கும்போது இப்படித்தான் தப்பு பண்ணும், ஒரே தப்பு இருக்கற ரெண்டு வைரஸும் கிட்டத்து சொந்தம். ஆனா இதுவரைக்கும் படிச்சி வச்சிருக்கற வைரஸுங்களோடதான் ஒப்பிட முடியும், அதனால வித்தவர் வீட்டு நம்பரெல்லாம் வராது, எந்த வட்டார வைரஸோட ஒத்துப்போவுதுன்னு வரும். இதையே புளியந்தோப்பு, எண்ணூர்ல எடுத்த சாம்பிளோட சேத்து பாத்தா ஒரே லோடுல வந்துச்சா, வேற வேற வழியா வந்துச்சான்னு புரியும், எந்தப் பக்கம் மொதல்ல ஊசி போடணும்னும் முடிவு பண்ணலாம். செத்த ரெண்டும் திரும்ப வராது, எனக்கும் கஷ்டமாதான் இருக்கு, ஆனா உங்க தெருவுல போஸ்டர் தின்னுனு திரியற மத்த ஆடுங்க இருக்கே.

பாக்கி ஆடுங்கள தனியா கட்டி, தண்ணியும் கஞ்சியும் குடுங்க, வாய்ப்புண்ணு இருந்தா டாக்டரம்மாகிட்ட காட்டுங்க. இனிமே எது செத்தாலும் கால்வாய்ல மட்டும் தள்ளிடாதீங்க, ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு பொதைக்கணும். அடுத்து ஆடு வாங்கினா மூணு வாரம் தனியா கட்டி வைங்க, ஊசி போட்டதான்னு வாங்கும்போதே கேளுங்க.