மாஃபியா: பழையதா, புதியதா?

கேள்வி: 'மாஃபியா 2' முடித்துவிட்டேன். முதல் பாகத்தைத் தொட்டதே இல்லை. 2002-இல் வந்த பழைய கேமை விளையாடுவதா, 2020-இல் வந்த ரீமேக்கை வாங்குவதா? நண்பர்கள் 'பழசுதான் ஒரிஜினல்' என்று அடித்துச் சொல்கிறார்கள்.
– திருச்சி வாசகர்

பதில்: ரீமேக்கை வாங்குங்கள். நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கேமை உருவாக்கியது செக் குடியரசின் புர்னோ நகரத்து இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ். 1930-களின் அமெரிக்கா, சிகாகோவை நினைவூட்டும் லாஸ்ட் ஹெவன் என்ற கற்பனை நகரம். டாக்சி ஓட்டிப் பிழைக்கும் டாமி ஏஞ்சலோவின் வண்டியில், சலியரி என்ற டானின் ஆட்களான பாலியும் சாமும் துப்பாக்கியோடு ஒரு ராத்திரி ஏறிக்கொள்கிறார்கள். சீக்கிரமே டாமியும் டான் சலியரியின் ஆளாகிவிடுகிறான். ரீமேக்கிலும் இதே கதைதான்.

வித்தியாசம் ரோட்டில் இருக்கிறது. பழைய கேமில் ஊருக்குள் 40 மைல் வேகத்தைத் தாண்டினால் போலீஸ் துரத்திவந்து அபராதம் போடும். சிவப்பு விளக்கில் நிற்காவிட்டாலும் அதே கதி. வேகத்தை எல்லைக்குள் கட்டுப்படுத்த ஒரு தனி பட்டனே கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் கிடைக்கும் போல்ட் ஏஸ் மாதிரி வண்டிகள் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். சுட்டுவிட்டு வருகிறவனும் சிக்னலில் நின்றுதான் சலியரியின் பாருக்குத் திரும்ப வேண்டும். நடந்ததை டாமியோடு சேர்ந்து நாமும் அசைபோட அந்த நேரம் போதும். இந்தத் தொடரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த நிதானமான ஓட்டம்தான், துப்பாக்கிச் சண்டையெல்லாம் அப்புறம்.

ரீமேக்கை அப்படியே ஆரம்பித்தால் இந்த ருசி தெரியாது. வண்டி சொன்னபடி கேட்கும், போலீஸ் கண்டுகொள்ளாது, சில பயணங்களைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. ஆகவே ஆரம்பிக்கும்போதே கடினத்தை 'கிளாசிக்' என்றும் ஓட்டுவதை 'சிமுலேஷன்' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கில் பாதி தீர்ந்த மேகசினை மாற்றினால் மிச்சக் குண்டுகள் போனது போனதுதான், 2002-இல் இருந்த மாதிரியே. எதிரி பாய்ந்து வரும்போது ரீலோட் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும். எவ்வளவு தூரமானாலும் பயணங்களைத் தாண்டாதீர்கள்.

இனி ரீமேக் ஜெயிக்கும் இடம். பழைய கேமில் முகங்கள் பொம்மை முகங்கள், குரல்தான் நடிப்பு முழுவதையும் தாங்கியது. இப்போது பாலி சிரித்துக்கொண்டே பயப்படுவதைக் கண்ணிலேயே பார்க்கலாம். சாராவுக்குக் கிடைத்த இடம் இன்னும் முக்கியம். சலியரியின் பாரில் வேலை செய்யும் லூயிஜியின் மகள் அவள். பழைய கேமில் வீடுவரை துணைக்குப் போகிறோம், வழியில் ரவுடிகளை அடிக்கிறோம், பிறகு மனைவியாகிறாள், அவ்வளவுதான். ரீமேக்கில் அவள் டாமியிடம் எதிர்த்துப் பேசுகிறாள், அவன் எதைப் பணயம் வைக்கிறான் என்று அவனுக்கே சொல்கிறாள். அவன் கடைசியில் எடுக்கும் முடிவுக்கு 2002-இல் இல்லாத கனம் இதனால் வந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ரீமேக்கின் பக்கம்.

கேள்வி: 'மாஃபியா 2'-லேயே டாமிக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிட்டதே. இனி முதல் பாகத்தில் சுவாரஸ்யம் இருக்குமா?
– சேலம் வாசகர்

பதில்: தாராளமாக இருக்கும். கதையே 1938-இல் துப்பறிவாளர் நார்மனிடம் டாமி உட்கார்ந்து வாக்குமூலம் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. டானுக்கு எதிராகத் திரும்பிவிட்டான் என்பது முதல் காட்சியிலேயே தெரியும். ஏன் திரும்பினான் என்பதுதான் மொத்தக் கதையும். நீங்கள் இரண்டாம் பாகத்தின் நாயகன் வீட்டோவாக நின்று ஒரு முதியவரின் வீட்டு வாசலில் செய்த காரியத்தை, இந்த முறை அந்த முதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்ப்பீர்கள். இரண்டாம் பாகத்தை முதலில் முடித்தவர்களைத்தான் அந்தக் காட்சி அதிகமாக உலுக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: 'மாஃபியா 3' செய்த ஹேங்கர் 13 நிறுவனம்தானே ரீமேக்கையும் செய்திருக்கிறது? அதே பேட்டை பிடிக்கிற வேலையா?
– கோவை வாசகர்

பதில்: இல்லை. 2016-இல் வந்த மூன்றாம் பாகத்தில் நியூ போர்டோ நகரை வட்டாரம் வட்டாரமாகப் பிடிக்கச் சொல்லி அலுக்க வைத்தார்கள். ரீமேக்கில் கதை ஒரே கோட்டில் அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. ஊர் சுற்ற வேண்டுமானால் 'ஃப்ரீ ரைடு' தனியாக இருக்கிறது.

கேள்வி: என் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரீமேக் ஓடாது. பழையதை வாங்கலாமா?
– நெல்லை வாசகர்

பதில்: வாங்குங்கள், 2002-இன் கேம் இன்றைய சாதாரண லேப்டாப்புக்கே பாரமில்லை. ஒரு குறை உண்டு. இப்போது இணையத்தில் விற்கும் பதிப்பில், உரிமம் வாங்கிச் சேர்த்திருந்த அந்தக் காலப் பாடல்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஜாஸ் இசைக்கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் கிடார் ஒலிக்க ஊரைச் சுற்றிய அனுபவம் அதில் கிடைக்காது, எனக்கு அது பெரிய இழப்பு. கார் ரேஸ் வரும் அத்தியாயத்துக்கு மட்டும் பொறுமையோடு உட்காருங்கள். வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டில் இருக்கும்போதே பிரேக் பிடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.