கான் ஹோம்: பேய் வராத பேய் வீடு (கேள்வி பதில்)

‘கான் ஹோம்’ 2013 ஆகஸ்டில் கணினிக்கு வந்த விளையாட்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஊருக்கு வெளியே ஒரு பெரிய பழைய வீடு, 1995 ஜூன் 7, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி, வெளியே கொட்டும் மழை. ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு மூத்த மகள் கேட்டி வந்து சேர்கிறாள். வீட்டில் ஒருவரும் இல்லை. தங்கை சமந்தா கதவில் ஒட்டிவைத்த சீட்டு மட்டும் இருக்கிறது: நான் எங்கே என்று தேடாதே. எல்லோரும் அவளைச் சாம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டைத் துழாவி என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் ஆட்டம். 17 வயது சாம் தன் பள்ளித் தோழி லானியைக் காதலித்த கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது.

இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு, வாய்க்கு வந்தபடி திட்டியவர்களும் உண்டு. வந்த கேள்விகளில் பாதி அந்தச் சண்டையைப் பற்றித்தான். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், இரண்டு மூன்று மணி நேரம்தான்.

கேள்வி: அக்கா, சுடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், தோற்கவும் முடியாது. இதை எப்படி கேம் என்கிறீர்கள்?

‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று கிண்டல் செய்தது இதைத்தானே, தம்பி. 2012-இல் வந்த ‘டியர் எஸ்தர்’ வாங்கிய அதே ஏச்சு. ஆனால் டியர் எஸ்தரில் நடப்பது மட்டும்தான். இங்கே கைக்கு வேலை இருக்கிறது. டிராயரைத் திறக்கலாம், பொருளை எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், எடுத்த இடத்திலேயே அழகாகத் திரும்ப வைக்கவும் செய்யலாம். நான் பார்த்தவரை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் திரும்ப வைக்கிறார்கள். யாரும் வைக்கச் சொல்லவில்லை, புள்ளியும் கிடையாது. அடுத்தவர் வீட்டு அலமாரியைக் குடைகிறோம் என்ற கூச்சம் கையில் வந்துவிடுகிறது. அதை வரவைப்பது ஆட்டத்தின் விதிதான். படமாக எடுத்திருந்தால் அந்தக் கூச்சம் வந்திருக்காது.

இன்னொன்று சொல்கிறேன். வீடு இருட்டு என்பதால் போகிற அறையிலெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே போவீர்கள். ஓரிடத்தில் அப்பா சாமுக்கு எழுதிய சீட்டு கிடைக்கும்: எல்லா விளக்கையும் எரியவிட்டுப் போகிறாய், உன் அக்கா மாதிரியே. படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீங்கள் வந்த வழியெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: திகில் கேம் என்று நம்பி வாங்கினேன். கடைசியில் இரண்டு பெண்களின் காதல் கதை. இது ஏமாற்று வேலை இல்லையா?

கோபம் புரிகிறது. இடி, மழை, கண் சிமிட்டும் விளக்கு, ‘சைக்கோ வீடு’ என்று பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர், அந்த வீட்டிலேயே செத்துப்போன அப்பாவின் மாமா ஆஸ்கர், சுவருக்குள் ரகசிய வழி. அந்த வழிக்குள் கிடக்கும் சிலுவையைக் கையில் எடுத்தால் அதே நொடியில் பல்ப் போய்விடும். நாற்காலியிலிருந்து துள்ளாதவர் இருந்தால் சொல்லுங்கள். உருவாக்கியவர்களில் முக்கியமான மூவர் ‘பயோஷாக் 2’ என்ற இருண்ட சுடும் கேமின் ‘மினர்வாஸ் டென்’ என்ற கூடுதல் பகுதியில் வேலை பார்த்தவர்கள். ஓர் அறையை எப்படிப் பயமாக்குவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் குளியலறையை நினைத்துப் பாருங்கள். தொட்டி முழுக்கச் சிவப்புக் கறை. நெஞ்சு திக்கென்கிறது. பக்கத்திலேயே தலைமுடிச் சாயப் புட்டி கிடக்கிறது; சாம் லானிக்குச் சாயம் பூசிவிட்ட நாளின் மிச்சம் அது. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த நல்ல நாட்களில் ஒன்று. நாம் அதை இரத்தம் என்று படித்தோம்.

கடைசியில் பரண் கதவு. சுற்றிலும் சிவப்பு விளக்கு. அங்கே வந்து சேர்வதற்குள் லானி ராணுவப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெரியும், சாம் உடைந்துபோயிருக்கிறாள் என்றும் தெரியும். ஏணியில் ஏறும்போது எல்லோருக்கும் ஒரே பயம்தான்: மேலே பிணம் தொங்குமோ. அந்த நேரத்தில் ஆஸ்கரின் பேய் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. பெண்ணைக் காதலித்த பெண் கடைசியில் செத்துப்போவாள் என்று எத்தனையோ கதைகள் நமக்குப் பழக்கிவைத்திருக்கின்றன, பயம் அங்கிருந்து வருகிறது. மேலே ஏறினால் சாம் போட்டோ கழுவும் இடம், அவள் அக்காவுக்காக விட்டுப்போன குறிப்பேடு, அவ்வளவுதான். அவள் உயிரோடு இருக்கிறாள். பேய்க்கதை வேஷம் போட்டது இந்த ஒரு ஏணிக்காகத்தான் என்பது என் கட்சி. வேஷம் இல்லாமல் நேராகக் காதல் கதை என்று சொல்லியிருந்தால் அந்தப் பயத்தை நாம் நமக்குள்ளேயே பார்த்திருக்க மாட்டோம்.

திகில் என்று சொல்லி விற்றார்களா என்றால், இல்லை. ஆனாலும் முன்னோட்டப் படங்களைப் பார்த்து அப்படி நினைத்ததில் உங்கள் தவறும் இல்லை.

கேள்வி: வந்த புதிதில் 20 டாலர் கொடுத்து இரண்டு மணி நேரம். நியாயமா?

விலையைப் பற்றிய முணுமுணுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். 2013-இல் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் இன்றிருக்கும் பணம் திரும்பும் வசதியும் கிடையாது, 2015 ஜூனில்தான் வந்தது. தள்ளுபடியில் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்களே?

முடிக்கலாம். பரண் சாவி இருக்கும் இடம் தெரிந்தால் நேரே போய் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம், ஆட்டம் தடுக்காது. ஒரு நிமிடத்துக்குள் முடித்தால் அதற்கென்றே ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். கேலி செய்பவர்களை முந்திக்கொண்டு கேலி செய்திருக்கிறார்கள், விடுங்கள்.

கேள்வி: திட்டியவர்கள் எல்லோரும் லெஸ்பியன் கதை என்பதால்தான் திட்டினார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நான் போரடித்ததால் திட்டினேன். நான் கெட்டவனா?

இல்லை. நண்பர் எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டுகிறார். போரடித்தவர்கள் இருந்தார்கள், விலைக்குப் பொருமியவர்கள் இருந்தார்கள், திகிலை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் இருந்தார்கள். காதல் பதின்வயது நாவல் மாதிரி இருக்கிறது, இரண்டு பெண்கள் என்பதற்காக மட்டும் விமர்சகர்கள் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்றவர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசி வாதத்தைத் தன்பால் ஈர்ப்புள்ளவர்களே சிலர் வைத்தார்கள், அதில் பொருள் இருக்கிறது.

ஆனால் வெறுப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘பாலிகான்’ என்ற கேம் செய்தித்தளம் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்து, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்றும் அறிவித்தது. 2014-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதைக் கொடுத்தது. மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர் சராசரி எண்பதுகளில் நிற்க, வாசகர் மதிப்பெண் அதற்கு வெகு கீழே கிடந்தது. 2014 ஆகஸ்டில் கேம் துறைப் பெண்களையும் பத்திரிகைகளையும் குறிவைத்த ‘கேமர்கேட்’ இணையக் கூச்சல் கிளம்பியபோது, பத்திரிகைகள் விளையாட்டுகளைக் கெடுக்கின்றன என்பதற்கு உதாரணமாக இழுக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆளைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. போரடித்தவர் அடுத்த கேமுக்குப் போய்விடுவார். இரண்டு வருடம் கழித்தும் ‘இது கேமே இல்லை’ என்று மணிக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு வேறு ஏதோ உறுத்தியிருக்கிறது.

கேள்வி: ஏன் 1995? எங்கள் வீட்டிலும் அப்போது கேசட்தான், அதனால் ஆசையாக இருந்தது.

செல்போனும் மின்னஞ்சலும் வீட்டுக்குள் வருவதற்கு முந்தைய கடைசிக் காலம் என்பதால். இன்றைக்கு சாம் ஓடிப்போனால் எல்லாம் பூட்டிய போனுக்குள் இருக்கும். அன்று எல்லாமே தாளில் அல்லது டேப்பில்: வகுப்பில் கைமாறிய துண்டுச் சீட்டு, கச்சேரி நோட்டீஸ், தொலைபேசிப் பதிவுக் கருவியில் அழுதுகொண்டே சாமைக் கூப்பிடும் குரல். கேசட்டைப் போட்டால் பிராட்மொபைல், ஹெவன்ஸ் டு பெட்சி பாடும். இரண்டும் ‘ரயட் கேர்ள்’ என்ற பெண்ணிய பங்க் இசை இயக்கத்தின் நிஜ இசைக்குழுக்கள், அமெரிக்காவின் அதே வடமேற்கு மூலையிலிருந்து கிளம்பியவை.

கேள்வி: மேடம், காதலிப்பது சாம். நாம் ஏன் அக்காவாக ஆட வேண்டும்? சாமாகவே ஆடவிட்டிருக்கலாமே.

நல்ல கேள்வி, இதற்கு எதிர்க்கட்சியும் வலுவானது. தன்பால் காதலை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒன்றாக வைத்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அக்காவுக்கும் அளவு தெரியும். சாமும் லானியும் முதன்முதலாக ஒன்றாக இருந்த இரவைப் பற்றி எழுதிய தாள் ஒன்று கிடைக்கும். எடுத்து இரண்டு வரி படிப்பதற்குள் கேட்டி அதைத் தானாகவே கீழே வைத்துவிடுவாள். நீங்கள் மவுஸை எவ்வளவு அமுக்கினாலும் படிக்க விடமாட்டாள். அதுவரை உங்கள் சொல்படி எல்லா டிராயரையும் திறந்தவள், அங்கே ‘இது என் தங்கச்சி விஷயம்’ என்று உங்களிடமிருந்து கையை உதறிக்கொள்கிறாள்.

அப்புறம் பள்ளியில் கொடுத்த அந்த வீட்டுப்பாடம். பெண் உடலைப் பற்றி அக்கா எழுதியது பாடப்புத்தகம் மாதிரி ஒழுங்காக இருக்கும். அதே பாடத்துக்குத் தங்கை எழுதியது ஒரு போர்க்காலக் கதை. என்னை வந்து பார் என்று ஆசிரியர் குறிப்பு. இரண்டு தாளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு பெண்களும் யார் என்று தெரிந்துவிடும். சாம் சின்ன வயதில் எழுதிய கடற்கொள்ளைக் கதைகளையும் விட்டுவிடாதீர்கள். கேப்டன் அலெக்ராவும் அவளுடைய துணை மாலுமியும். முதலில் அந்த மாலுமி ஆண். பிறகொரு கதையில் பெண்ணாகிவிடுகிறான். சாம் தன் வாயால் சொல்வதற்கு வெகு முன்பே அந்தக் காகிதங்கள் சொல்லிவிடுகின்றன.

கேள்வி: பெற்றோர் அவளை வீட்டை விட்டுத் துரத்தினார்களா?

இல்லை. அடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. இது ஒரு பருவம், சரியான பையன் இன்னும் வரவில்லை என்று சொன்னார்கள். லானி வந்தால் அறைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். சாமுக்கு வலித்தது அவர்கள் கோபப்பட்டதல்ல, நம்பவே இல்லை என்பது. அந்த இரவில் அவர்கள் ஊரில் இல்லாததற்குக் காரணமும் அலமாரிக்குள் கிடக்கிறது. கல்யாண நாள் சுற்றுலா என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தம்பதியர் ஆலோசனை முகாமுக்குப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: அப்பா எழுதும் கென்னடி நாவல்களுக்கும் ஆஸ்கருக்கும் என்ன தொடர்பு?

நேராக எங்கும் சொல்லப்படவில்லை, தடயங்களைக் கோத்துப் பார்ப்பதுதான். அப்பா டெர்ரியின் நாவல்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் 1963-இல் கென்னடியைக் காப்பாற்றுபவை. அடித்தளத்துப் பெட்டகத்தைத் திறக்கும் எண்ணும் 1963. உள்ளே, மன்னிப்புக் கேட்டு ஆஸ்கர் எழுதிய கடிதம். சிறுவன் டெர்ரிக்கு அந்த ஆண்டு அந்த வீட்டில் ஏதோ கொடுமை நடந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் படிக்கிறார்கள், நானும். பேய் வீடு என்றால் அது அப்பாவுக்குத்தான். சாமின் கதையை மட்டும் தொடர்ந்து ஓடியவர்கள் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள், இரண்டாவது முறை ஆடுங்கள்.

கேள்வி: முடிவு சந்தோஷமானதா? 17 வயதுப் பெண் காரை எடுத்துக்கொண்டு ஓடுவதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் முழுசாக வரவில்லை. லானி பயிற்சிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து சேலம் நகரில் இறங்கி, என்னால் முடியாது என்று போன் செய்கிறாள். (நம்ம சேலம் இல்லை, ஓரிகனின் தலைநகரம்.) சாம் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அமெரிக்க ராணுவத்தில் அப்போது ‘கேட்காதே, சொல்லாதே’ என்ற கொள்கை, 1994 முதல் 2011 வரை இருந்தது. வெளியே சொல்லாதவரை ஓரினக் காதலர்கள் படையில் இருக்கலாம், தெரிந்தால் வெளியேற்றம். சின்ன வயது முதல் ராணுவக் கனவு கண்ட லானி அதை விட்டுவிட்டு இறங்கினாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலை இருவரும் எங்கே தங்கினார்கள், காசுக்கு என்ன செய்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. அந்தக் கவலை உங்களுக்கு வந்தது என்றால் நீங்கள் கேட்டியாகவே ஆடியிருக்கிறீர்கள். அவள் 21 வயது அக்கா, அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

கேள்வி: உருவாக்கிய நிறுவனத்தில் பெண்களை மோசமாக நடத்தினார்கள் என்று படித்தேன். இனி எப்படி ரசிப்பது?

ஃபுல்பிரைட்டின் இணை நிறுவனர் ஸ்டீவ் கேனர் நடத்திய விதத்தால் பலர், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டார்கள் என்று 2021-இல் செய்தி வந்தது. அப்போது உருவாகிக்கொண்டிருந்த ‘ஓப்பன் ரோட்ஸ்’ விளையாட்டின் தலைமையிலிருந்து அவர் விலகியிருந்தார். அது ‘கான் ஹோம்’ முடிந்து பல ஆண்டுகள் கழித்து நடந்தது. ‘கான் ஹோம்’ விளையாட்டை உருவாக்கியது கேனர், கார்லா சிமோன்யா, கேட் கிரெய்க் உள்ளிட்ட நான்கு பேரின் சிறு குழு. அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் கிரெய்க்கின் கைவேலை இருக்கிறது. அதை நான் கேனருக்காகத் தள்ளிவைக்கத் தயாரில்லை. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் சரியே.

கேள்வி: அக்கா, நான் பயந்தாங்கொள்ளி. ஆட முடியுமா?

ஆரம்பிக்கும் முன் அமைப்புகளில் எல்லா விளக்கும் எரியும்படி வைத்துக்கொள்ளலாம். பேய் வராது, சத்தியம். அந்தச் சிலுவையை மட்டும் தொடாதே.

கேள்வி: இதே மாதிரி வேறு என்ன ஆடலாம்?

வீட்டைத் துழாவுவது பிடித்திருந்தால் ‘வாட் ரிமெயின்ஸ் ஆஃப் எடித் ஃபிஞ்ச்’, 2017. காதல் பிடித்திருந்தால் அதே ஆண்டு வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: பிஃபோர் தி ஸ்டார்ம்’, அதில் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். அதைவிட நான் முதலில் கையில் கொடுப்பது ‘பட்டர்ஃபிளை சூப்’. அதுவும் 2017, இட்ச் என்ற கேம் விற்பனைத் தளத்தில் விரும்பிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் பேஸ்பால் ஆடும் நான்கு ஆசிய வம்சாவளிப் பள்ளிப் பெண்கள், அவர்களில் தியா, அகர்ஷா இருவரும் இந்தியக் குடும்பம். படித்துக்கொண்டே போகும் வகை, அதனால் அதையும் கேமே இல்லை என்பார்கள். சிரித்து வயிறு வலிக்கும், மதியம் ஒரு நாள் ஒதுக்கிவையுங்கள்.