ஃபைட்டர் மீன் பெட்டைக்கு வயிறு உப்பினால் ஆணோடு சேர்த்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பொன்னேரி பக்கம் மொட்டை மாடியில் கப்பி, மோலி வளர்த்து விற்கிறேன். போன மாதம் கொளத்தூரில் 12 ஃபைட்டர் பெட்டை மீன்கள் வாங்கி, ஒரே சிமென்ட் தொட்டியில் விட்டேன். மூன்றுக்கு வயிறு உப்பியிருக்கிறது. ஆணோடு சேர்க்காவிட்டால் முட்டை உள்ளேயே அழுகி மீன் செத்துவிடும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். குஞ்சுகளைப் பராமரிக்க எனக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: சேர்க்க வேண்டாம். கப்பி வளர்த்துப் பழகிய கண்ணோடு ஃபைட்டரைப் பார்ப்பதால் வரும் பயம் இது. கப்பிக்குக் குட்டி வயிற்றிலேயே வளரும். ஃபைட்டர் அப்படியில்லை. பெட்டை முட்டையை வெளியே விட்ட பிறகுதான் கரு சேரும். ஆண் அதை வாயால் பொறுக்கி நுரைக்கூட்டில் வைக்கும். ஆண் இல்லாத பெட்டை முட்டையை உடம்பிலேயே கரைத்துக்கொள்ளும், அல்லது சும்மா உதிர்த்துவிட்டுத் தானே தின்றுவிடும். காலையில் தொட்டி அடியில் ரவை போலச் சில முட்டைகள் கிடந்தால் பதற வேண்டாம்.

சேர்த்தால்தான் வம்பு. ஆண் துரத்திக் கடித்துச் செதிலும் துடுப்பும் கிழிந்த பெட்டைகள் எத்தனையோ. ஒரு ஈற்றில் சில நூறு குஞ்சுகள் வரலாம். அதில் ஆண் குஞ்சுகள் வளர்ந்து சண்டை போடத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில் வேண்டும்.

சரி, உப்பல் எதனால் என்று பாருங்கள். மீனை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடிவயிற்றில், கீழே தொங்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னால், உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது முட்டை விடும் குழாய். பெட்டைக்கு அது இருப்பது இயல்பு. மீன் சுறுசுறுப்பாக நீந்தி இரையும் எடுத்தால் அது முட்டை வயிறுதான். மந்தமாக அடியில் கிடந்து, கழிவும் போகாவிட்டால் பெரும்பாலும் தீனி மிஞ்சிய மலச்சிக்கல். இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு கொஞ்சம் மொய்னா (உயிருள்ள சிறு நீர்ப்பூச்சி) கொடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது அன்னாசிப் பழத் தோல் போலச் செதில் தூக்கி நின்றால் அது நீர்க்கோவை, அதாவது உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய். அந்த மீனை உடனே பிரித்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் பெட்டைகளைக் கெடுப்பது முட்டையல்ல, தீனி. ஃபைட்டரின் இரைப்பை ஏறக்குறைய அதன் கண் அளவுதான். காலையும் மாலையும் இரண்டு மூன்று சிறு பெல்லட் போதும். வாரத்தில் ஒரு நாள் எதுவும் வேண்டாம். சாக்கடையோரம் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவைக் கழுவாமல் போடாதீர்கள். உயிர்த்தீனி அதிகமானாலும், கண்ணெதிரே ஆண் மீன் பாட்டில் இருந்தாலும் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அருகில் ஆண் பாட்டில் இருந்தால் இன்றே மறைவாக வையுங்கள்.

அப்புறம் 12 மீனை ஒன்றாக விட்டது. பெட்டைகளும் சண்டைக்காரிகள்தான், ஆணை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி, செடிகள், ஒளிய உடைந்த பானைத் துண்டுகள் இருந்தால் ஐந்தாறைச் சேர்த்து வைக்கலாம். எப்போதும் மூலையில் ஒதுங்கும் மீனையும், ஓயாமல் துரத்தும் மீனையும் தனியே எடுத்துவிடுங்கள். உடலில் படுக்கைக் கோடுகள் தெரிந்தால் மீன் மிரண்டிருக்கிறது என்று பொருள். மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் இணைக்குத் தயார் என்பதற்கு அடையாளம். அதற்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் முதலில் குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போடுங்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும்; மார்கழியில் மொட்டை மாடித் தொட்டி அதற்குக் கீழே போய்விடும், உள்ளே கொண்டுவருவதே நல்லது. ஏரேட்டரைக் குறைத்து வையுங்கள், வேகமான நீரோட்டம் இதற்கு ஆகாது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் வலைமூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு அது பிடிக்கும்.

செதில் தூக்கிய மீன் இருந்தால் தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து விடுங்கள். சமையல் உப்பு அதற்குப் பதிலாகாது. ஆனால் அந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அபூர்வம். அதன் வலையையும் வாளியையும் மற்ற தொட்டிகளில் முக்காதீர்கள்.