மருமகள் குரல் மட்டும் ஏன் காதில் விழவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். இப்போது தேன்கனிக்கோட்டை அருகே சொந்த ஊரில் ராகிக் கொல்லையைப் பார்த்துக்கொள்கிறார். கொஞ்ச காலமாகக் காது மந்தம். தம்பி பேசினால் ஓரளவு பதில் சொல்கிறார். தம்பி மனைவி கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "மாமா வேணும்னே பண்றார்" என்று அவள் அழுகிறாள். மெதுவாகச் சொன்னால் கேட்பதில்லை, உரக்கச் சொன்னால் "எதுக்குக் கத்துற?" என்று கோபப்படுகிறார். டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "வயசானா அப்படித்தான், கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்கிறான் தம்பி. அவனும் பாலிஷ் பட்டறையில்தான் வேலை செய்கிறான். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் காது மெஷின் வருகிறதாம். வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மெஷினைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் தம்பி மனைவியின் அழுகையை நிறுத்துங்கள். அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பட்டறை மெஷின் சத்தத்தில் பல வருடம் நின்றவர்களின் காது பழுதாகும் விதம் அப்படியே தெரிகிறது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இரைச்சலில் முதலில் சாவது கீச்சு ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான். 4,000 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சு என்று சொல்லும் அளவு) பக்கத்தில்தான் முதல் அடி விழும். செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. ஆண் குரல் கனமானது என்பதால் தம்பி பேசுவது ஓரளவு பிடிபடுகிறது. பெண்கள், குழந்தைகள் குரல் கீச்சாக இருப்பதால் நழுவிவிடுகிறது. இதை அப்பாவையும் தம்பி மனைவியையும் உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள். தெரியாததால் எத்தனையோ வீடுகளில் மருமகளுக்கும் மாமனாருக்கும் பேச்சே நின்றுபோகிறது.

பேச்சிலும் இதே கதைதான். உயிரொலிகளுக்கு வலு அதிகம். ச, த, ப, க போன்றவை மெல்லியவை, ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது அவைதான். பேரப்பிள்ளை "பசிக்குது" என்றால் அப்பாவுக்கு ஒரு அ, ஒரு இ கேட்கும், மீதியை ஊகிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஊகித்துக்கொண்டே இருப்பது எவ்வளவு அலுப்பு! டீக்கடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஊகிக்கவும் முடியாது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்லி, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்க, அடுத்த நாள் போகாமலே இருந்துவிடுகிறார்கள். நான் அஞ்சுவது இந்த ஒதுங்கலைத்தான். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2017, 2020, 2024 என மூன்று அறிக்கைகளிலும், நடுவயதில் வரும் கேள்திறன் குறைவை மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதுவும் கவனித்தால் குறைக்கக்கூடிய காரணி.

"எதுக்குக் கத்துற" என்பதும் வீம்பு இல்லை. உட்காது பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று காதைக் குடையும். நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால் கத்த வேண்டாம். டிவியை நிறுத்திவிட்டு, முன்னால் போய் நின்று, முகம் வெளிச்சத்தில் தெரிய, சாதாரணக் குரலில் நிதானமாகச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல் போட்டுச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது ரொம்பவே வலிக்கும்.

கண் தெரிகிறதே என்கிறார் தம்பி. கண்ணுக்கு எதிரில் இருப்பது மட்டும்தானே தெரியும்? முதுகுக்குப் பின்னால் வரும் லாரியையும், இருட்டில் வருவதையும் காதுதான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் இதை நான் விளக்கவே வேண்டாம். ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் காட்டை விட்டு யானைகள் கொல்லைக்கு வருகின்றன. அவ்வளவு பெரிய உடம்புக்குக் காலடிச் சத்தம் மிகக் குறைவு. சுள்ளி முறிவதும் தட்டை சரசரப்பதும்தான் முதல் தகவல். அப்பாவின் காது கைவிட்டிருப்பது சரியாக அந்த ஒலிகளைத்தான். பக்கத்துக் கொல்லைக்காரர் குரல் கொடுத்தாலும், எந்தத் திசையிலிருந்து என்று இரண்டு காதும் ஒத்துழைத்தால்தான் தெரியும். ஆகவே பரிசோதனை முடிந்து தெளிவு கிடைக்கும்வரை இரவுக் காவலுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

இந்த வாரமே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். குரும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், இவற்றுக்கு வேறு வைத்தியம். அதுவரை காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ் விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம். பிறகு ஆடியோகிராம் எடுப்பார்கள். வலி இல்லாத பரிசோதனை, ஒலி கேட்டால் கையைத் தூக்கவோ பட்டனை அழுத்தவோ சொல்வார்கள். எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காதுக்குக் காது தெரிந்துவிடும்.

தம்பியையும் கையோடு அழைத்துப்போய் அவருக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். அவருக்கு இன்னும் காக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் சத்தம்தான் நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. மூன்று டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். பஞ்சு வைத்தால் போதாது, காது அடைப்பான் அல்லது ஹெட்போன் போன்ற காதுக் கவசம் வேண்டும். இரைச்சலால் காது போவதைத் தொழில்சார் நோய் என்று சட்டமே சொல்கிறது. முதலாளியிடம் கவசம் கேட்பது உரிமை.

இனி அந்த 1,500 ரூபாய் மெஷின். வாங்காதீர்கள். அந்த விலையில் வருபவை பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டித் தருபவை. அப்பாவுக்குக் கீச்சு ஒலிகளைத்தான் கூட்ட வேண்டும், கனமானவற்றை அல்ல. ஆடியோகிராம் பார்த்து அமைத்துத் தரும் மெஷின்தான் உதவும். வெளியில் விலை அதிகம்தான். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், தகுதி இருந்தால் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசமாகவே கிடைக்கும். டாக்டர் சான்றிதழோடு போய்க் கேளுங்கள்.

மாட்டிய அன்றே எல்லாம் சரியாகிவிடாது. தட்டு விழுவதும் மின்விசிறி சுற்றுவதும் முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், "வேணாம்" என்று பெட்டியில் வைத்துவிடுவார். தினமும் கொஞ்ச நேரம், அமைதியான இடத்தில், ஒரே ஒருவரோடு பேசும்போது போடட்டும். அந்த ஒருவர் உங்கள் தம்பி மனைவியாகவே இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து அமைப்பைத் திருத்த மறுபடி அழைத்துப்போங்கள். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று அங்கே அவரே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.