4 வயசுப் பையன் எழுத்தைக் கீழ இருந்து மேல எழுதுறான், திருத்தணுமா?

திருத்தணும், ஆனா திட்டி இல்ல. எழுத்து பாக்க சரியா இருந்தாலும் கை தப்பான வழில பழகிட்டா பின்னாடி வேகமா எழுதும்போது மாட்டிக்கும், அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம். புள்ளி புள்ளியா இருக்குற ஒர்க்ஷீட்ட நான் பெருசா நம்புறதில்ல, குழந்தை எங்கருந்து வேணா ஆரம்பிச்சு புள்ளிய மட்டும் சேர்த்துட்டுப் போயிடும். அதவிட நீங்க பக்கத்துல உக்காந்து மெதுவா எழுதிக் காட்டுங்க, ஆரம்பிக்கிற எடத்துல மட்டும் ஒரு கலர் புள்ளி வைங்க. அகர வரிசைல போகணும்னு அவசியமே இல்ல, அ, இ எல்லாம் சுழி உள்ள கஷ்டமான எழுத்து. ட-ல ஆரம்பிங்க, மேல இருந்து கீழ ஒரு கோடு, அப்படியே வலது பக்கம் ஒரு கோடு, கைய எடுக்காம மேல இழுத்தா ப வந்துடும், அதுக்கப்புறம் ம. பென்சில் பிடி சரியில்லன்னா சின்னதா ஒடஞ்ச கிரேயான் துண்டு குடுங்க, முழு கையால பிடிக்க முடியாததால விரல் தானா நுனிக்கு வந்துடும்.