கேம்ஷாஃப்ட் சென்சார் எஞ்சினில் எங்கே இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேனரில் பி 0340 என்று கோளாறு கோடு (code) வருகிறது, வண்டி சூடானதும் டிராஃபிக் சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது, மெக்கானிக் கேம் சென்சாரை மாற்றச் சொல்கிறார், ஆனால் பானெட்டைத் திறந்தால் அது எது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மாடலைக் குறிப்பிடவில்லை என்றாலும் பரவாயில்லை. அந்தச் சென்சாரின் நுனிக்கும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டோடு சுற்றும் பல் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அதனால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அது கேம்ஷாஃப்டை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும்.

கேம்ஷாஃப்ட் எங்கே என்று முதலில் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடி இருக்கிறதே, அந்த டேப்பட் கவருக்கு அடியில்தான் நீளவாக்கில் படுத்திருக்கிறது. சென்சார் பெரும்பாலும் அதன் இரண்டு முனைகளில் ஒன்றில் இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சின் குறுக்காக இருப்பதால், ஒரு முனை ஃபேன் பெல்ட் பக்கம், மறுமுனை கியர்பாக்ஸ் பக்கம். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்களில் கியர்பாக்ஸ் பக்க முனையில் தேடுங்கள். ஏர் ஃபில்டரையும் அதன் ஹோஸையும் கழற்றினால் நன்றாகத் தெரியும். டைமிங் பெல்ட் வண்டி என்றால் பெல்ட் கவருக்குள், மேல் புல்லிக்கு அருகில் ஒளிந்திருக்கலாம். சில எஞ்சின்களில் டேப்பட் கவரின் மேலேயே செங்குத்தாகச் செருகியிருப்பார்கள்.

ஆள் பார்க்க எப்படி இருக்கும்? கட்டைவிரல் அளவில் கறுப்பு பிளாஸ்டிக். பக்கத்தில் ஒரு காது, அந்தக் காதில் ஒரே ஒரு போல்ட், பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பானர் போடுவது. கனெக்டரில் மூன்று வயர். பழைய காந்தச் சுருள் வகைக்கு இரண்டு வயர்.

இதே இடத்தில் வேறு சிலவும் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. விவிடி சோலினாய்டும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு) கேமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அது தடித்த உருளை, இரண்டு வயர்தான். கூலன்ட் சென்சாரைப் போல்ட் போட்டுப் பிடித்திருக்க மாட்டார்கள். பல வண்டிகளில் அதையே மரையில் திருகியிருப்பார்கள். டேப்பட் கவரின் மேல் வரிசையாக நிற்பவை இக்னிஷன் காயில்கள். கீழே, கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) புல்லிக்கோ ஃப்ளைவீலுக்கோ அருகில் ஏறக்குறைய இதே உருவத்தில் ஒன்று இருந்தால் அது கிராங்க் சென்சார். அதற்கு வரும் கோடு பி 0335. கடையில் பாகம் கேட்கும்போது இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

இன்டேக், எக்ஸாஸ்ட் என்று இரண்டு கேம் உள்ள எஞ்சின்களில் சிலவற்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். பி 0340 குறிப்பது முதல் பேங்கின் (சிலிண்டர் வரிசையின்) ‘ஏ’ சென்சாரை, அது வழக்கமாக இன்டேக் பக்கம். பி 0365 வந்தால் ‘பி’ சென்சார், எக்ஸாஸ்ட் பக்கம்.

கிராங்க் சென்சார் இருக்கும்போது இது எதற்கு என்றால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 4 பிஸ்டன்கள் ஒன்றாகவே மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனில் இருந்தால் மற்றது எக்ஸாஸ்டில். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஆகவே எது எந்த ஸ்ட்ரோக்கில் இருக்கிறது என்பதை ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு) கேம் சென்சார்தான் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் வராவிட்டால் சில வண்டிகள் நீளமாகச் செல்ஃப் அடித்த பிறகு கிளம்பும், சில கிளம்பவே கிளம்பாது.

இடத்தைக் கண்டுபிடித்ததும் போல்ட்டில் கை வைக்காதீர்கள். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பி 0340 என்பது அந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. கனெக்டரில் பூட்டு இருந்தால் அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே பிசுபிசுவென்று ஆயில் நிற்கிறதா? பின் ஏதாவது பச்சை பூத்திருக்கிறதா? வயரின் மேல்தோல் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கிறதா? ராத்திரி வெளியே நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த தடத்தைக் கட்டாயம் தேடுங்கள். கனெக்டரை மறுபடி மாட்டி, எஞ்சின் ஓடும்போது, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாமல் அந்த வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எஞ்சின் தடுமாறினால் குற்றவாளி வயரிங்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வயர் வகையில், கனெக்டரைக் கழற்றிவிட்டு இக்னிஷன் ஆன் செய்தால் ஒரு பின்னில் 5 அல்லது 12 வோல்ட் வர வேண்டும், இன்னொன்றில் நல்ல எர்த் கிடைக்க வேண்டும். பல வண்டிகளில் சிக்னல் வயரிலும் ஈசியூ 5 வோல்ட் அளவில் அனுப்பி வைத்திருக்கும். இவை சரியாக இருந்தும், சூட்டில் நின்று ஆறியதும் கிளம்புகிறது என்றால் சென்சார் மேல் சந்தேகப்படலாம்; உள்ளே காந்தப்புலத்தை உணரும் ஹால் சிப் சூட்டில் செயலிழந்து ஆறியதும் பிழைத்துக்கொள்வது சகஜம். டெஸ்ட் லாம்ப்பை இந்த வயர்களில் வைக்க வேண்டாம், ஈசியூவுக்கு ஆபத்து.

மாற்றுவதானால் எஞ்சின் ஆறியபின், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சென்சாரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி வெளியே எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து நுனி உள்ளேயே தங்கிவிடும், பிறகு வேலை பெரிதாகும். புதிய ஓ-ரிங்கில் துளி எஞ்சின் ஆயில் தடவிச் செருகுங்கள். போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். சென்சாரை ஒரிஜினலாக வாங்குங்கள். விலை குறைந்த லோக்கல் ஐட்டம் சில மாதங்களில் அதே கோடைத் திரும்பக் காட்டினால் எது பழுது என்றே குழம்பிப்போவீர்கள்.

அடுத்த முறை ஸ்கேன் செய்யும்போது பி 0341 அல்லது பி 0016 வந்தால் கதை வேறு. சிக்னல் வருகிறது, ஆனால் கிராங்க்கோடு கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் பெல்ட் பக்கம் கடகடவென்று சத்தமும் வந்தால், சென்சாருக்குக் காசு செலவழிக்கும் முன் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.